சேலத்தில் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பழகப் போகிறீர்களா? துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

வீட்டில் பிள்ளை "எனக்குத் துப்பாக்கி சுடப் பழகணும்" என்று கேட்டதும் நம்மில் பலர் முதலில் செய்வது, ஃபோனை எடுத்துத் துப்பாக்கி விலை பார்ப்பதுதான். செலவு வீணாவதும் அங்கேதான் தொடங்குகிறது. என் மகளுக்காக இதில் இறங்கியபோது, எதை முதலில் செய்ய வேண்டும், எந்தக் காகிதம் எங்கே கேட்பார்கள் என்று சொல்ல ஆள் இல்லாமல் சேலத்தில் நிறையவே அலைந்தோம். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

இது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்கான வழிகாட்டி மட்டுமே. வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டு மேசையில் கருவி மாட்டி, சுட்ட தோட்டாக் கூட்டில் மருந்து நிரப்பித் திரும்பப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கருவி இங்கே எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் அதற்குச் செல்லாது. காற்றுத் துப்பாக்கியில் மருந்தும் இல்லை, தோட்டாவும் இல்லை. ஈயக் குண்டும் அழுத்திய காற்றும்தான்.

1. முதலில் சட்டத்தின் எல்லை

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு. குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது கடைக்காரர்கள் "பாயின்ட் ஒன் செவன் செவன்" என்று சொல்வது. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வாங்கியாக வேண்டும். இரண்டுக்கும் உட்பட்டது என்றால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம்.

சில கடைக்காரர்கள் வலை விரிப்பதும் இந்த இடத்தில்தான். "அண்ணா, இது பாயின்ட் டூ டூ, பவர் ஜாஸ்தி, தம்பிக்கு இதையே எடுத்துக்கோங்க" என்று 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கியைக் காட்டுவார்கள். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அதோடு, 10 மீட்டர் போட்டியில் அதைச் சுடவும் முடியாது. போட்டிக்குப் பவர் தேவையே இல்லை. 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 8 ஜூல் சொச்சம்தான் வருகிறது. ஒலிம்பிக்கில் சுடும் துப்பாக்கிகளே ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. ஆகவே பவரைச் சொல்லி விற்பவரிடம் நின்று பேச வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்காடு போகும்போது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் புறா, கௌதாரி சுடலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். காற்றுத் துப்பாக்கியாக இருந்தாலும் வேட்டை வேட்டைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும், துப்பாக்கியும் போகும். பிள்ளையின் பெயர் ஒரு வழக்கில் ஏறிவிட்டால் விளையாட்டு அதோடு முடிந்தது.

2. மூன்று மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும்

மாவட்ட அளவில் ரைஃபிள் கிளப், தனியார் பயிற்சி மையம் என்று இரண்டு வழி உண்டு. எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இவை: தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் மாநிலப் போட்டிக்கு யார் மூலம் பெயர் கொடுப்பார்கள்? மாதக் கட்டணத்தில் துப்பாக்கி, குண்டு, காற்று மூன்றும் அடக்கமா, குண்டுக்குத் தனிக் காசா? ஒரு துப்பாக்கியை எத்தனை பிள்ளைகள் பகிர்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஐந்து பேருக்கு ஒரு துப்பாக்கி என்றால் ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் பிள்ளை சுடுவது பன்னிரண்டு நிமிடம். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

மூன்று மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். இரண்டாவது மாதம் தோள் வலிக்கும், புள்ளி ஏறாது, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது அலுக்கும். மூன்றாவது மாதமும் அலாரம் வைத்து எழுந்து வரும் பிள்ளைக்குத்தான் சொந்தத் துப்பாக்கி பயன்படும். அதற்குள் எந்தக் கண் முதன்மைக் கண் (குறி பார்க்கும்போது இயல்பாக முந்தும் கண்), எந்தக் கை, பிடியின் அளவு என்ன என்பதும் பயிற்சியாளருக்குப் பிடிபட்டிருக்கும். வலக்கைக்காரருக்கு இடக்கண் முதன்மையாக இருப்பது அபூர்வமல்ல. அது தெரியாமல் வலக்கைத் துப்பாக்கி வாங்கியவர்கள் பிறகு விற்கத் திண்டாடுகிறார்கள்.

3. ரைஃபிளா, பிஸ்டலா?

பிள்ளையின் விருப்பம் முக்கியம்தான். ஆனாலும் செலவுக் கணக்கை முன்னால் வைத்துப் பேசுவது நல்லது.

ரைஃபிள் என்றால் துப்பாக்கியோடு முடியாது. கெட்டித் துணியில் தைத்த ஜாக்கெட், பேன்ட், தட்டை அடி ஷூ, கையுறை எல்லாம் வேண்டும். ஜாக்கெட்டின் தடிமனுக்கும் விறைப்புக்கும் விதி உண்டு, போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். வளரும் பிள்ளைக்கு ஜாக்கெட் வாங்குவது பெரிய தலைவலி. உடம்பை ஒட்டித் தைத்தால்தான் அது பயன்படும், ஒட்டித் தைத்தால் அடுத்த வருடம் பொத்தான் போடாது. பதிமூன்று பதினான்கு வயதில் விலை உயர்ந்த வெளிநாட்டு ஜாக்கெட் வேண்டாம். இந்தியாவில் தைப்பதையோ, கிளப்பில் மூத்த பிள்ளைகள் கழித்ததையோ வாங்குங்கள். அப்புறம் வெயில். சேலத்துச் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறு மணி வகுப்பு கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

பிஸ்டலுக்கு இந்த உடைகள் எதுவும் வேண்டாம், ஷூ போதும். ஆனால் ஒரு கையை நீட்டி ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட எடையைப் பிடித்துக்கொண்டு அறுபது முறை சுட வேண்டும். டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டே பார்ப்பார்கள். ரைஃபிளில் டிரிகருக்கு இந்தக் கீழ் வரம்பு இல்லை, மொத்த எடை மட்டும் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

புள்ளி முறையும் வேறு. ரைஃபிளில் பத்துப் புள்ளி தரும் இடம் குறி அட்டையின் நடுவில் உள்ள அரை மில்லிமீட்டர் பொட்டு, பால்பாயின்ட் பேனா முனை வைத்த அளவு. அதிலும் 10.0 முதல் 10.9 வரை தசமத்தில் எண்ணுவார்கள், அறுபது சுற்றுக்கு அதிகபட்சம் 654. பிஸ்டலில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர், முழு எண்ணில் 600. வட்டம் பெரியது என்பதால் பிஸ்டல் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். தாங்கிப் பிடிக்க ஒரு கை மட்டுமே இருக்கிறது என்பதால்தான் அந்த அளவு.

நடுத்தரக் குடும்பமாக இருந்து, பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால், என் யோசனை பிஸ்டல். வளர வளர மாற்ற வேண்டியது கைப்பிடி ஒன்றுதான்.

4. காகிதங்கள்: துப்பாக்கி பார்க்கும் முன்பே தொடங்குங்கள்

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த வேலைதான். பொதுவாகக் கேட்பவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், முகவரிச் சான்று, பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, பதினெட்டு வயதுக்குக் குறைவு என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல். போட்டிகளில் இறங்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள எண்ணும் வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் நம் ஊர் இனிஷியலில். பிறப்புச் சான்றிதழில் "கீர்த்தனா" என்று மட்டும் இருக்கும், தந்தை பெயர் தனி வரியில். ஆதாரில் "கீர்த்தனா எஸ்". பள்ளிப் பதிவில் "எஸ். கீர்த்தனா". பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தையின் முழுப்பெயர் ஒட்டியிருக்கும். டெல்லியில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இவை நான்கும் ஒரே பிள்ளை என்று தெரியாது. விண்ணப்பம் திரும்பி வரும், நுழைவுக்கான கடைசித் தேதி கடந்துவிடும். முதல் வேலையாக எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரைத் திருத்துவதுதான் இருப்பதில் எளிது, அதைப் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தச் செய்யுங்கள். விளையாட்டுப் பதிவில் எந்த வடிவத்தில் பெயர் கொடுத்தீர்களோ அதையே கடைசிவரை எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் இருப்பதும் உண்டு. அப்படியென்றால் பதிவு செய்த மாநகராட்சி அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். போட்டி அறிவிப்பு வந்தபின் ஓடினால் நடக்காது. அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் குறைவு, தாமதக் கட்டணம் வேறு.

5. சரி, இப்போது துப்பாக்கி

கடையில் மூன்று ரகம் பார்ப்பீர்கள்.

குழாயை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம் சில ஆயிரங்களில் தொடங்கும். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கியே உதறும், அந்த உதறலில் பிள்ளைக்குத் தன் தவறு எது, துப்பாக்கியின் உதறல் எது என்று பிரித்துப் பார்க்க வராது. குண்டில்லாமல் இதைச் சுட்டால் உள்ளே பிஸ்டன் அடிபட்டுக் கெடும். வீட்டுப் பயிற்சியில் பாதிக்கு மேல் குண்டில்லாமல் சுடுவதுதான், அதனால் போட்டியை நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

இந்தியாவில் செய்யும் பி.சி.பி. ரகம், அதாவது முன்பே அழுத்திய காற்றை சிலிண்டரில் அடைத்துச் சுடுவது. மாவட்டம், மாநிலம் வரை இதில் நன்றாகவே போகலாம். உதிரிப் பாகம் நாட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. புதியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

மூன்றாவது வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெய்ர், மொரினி, பார்டினி போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கிகள். லட்சத்துக்கு மேல், ரைஃபிளென்றால் பல லட்சம். பிள்ளையின் புள்ளி நிலைத்த பிறகு யோசித்தால் போதும்.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி பாதி விலைக்கு வருகிறதே என்றால், வாங்கலாம். ஆனால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். அதன்மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொதுவாக அதன் ஆயுள் 10 ஆண்டு, அதற்குமேல் போட்டியில் அனுமதி இல்லை. 2015ஆம் ஆண்டுச் சிலிண்டரோடு ஒரு பிஸ்டலை "புதுசு மாதிரி" என்று எங்களுக்கும் காட்டினார்கள். துப்பாக்கியில் கீறல்கூட இல்லை, சிலிண்டர் மாற்றும் செலவைச் சேர்த்தால் சல்லிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்து, காற்று நிரப்பி அளவுமானியின் முள்ளைக் குறித்துக்கொண்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு. பிறகு துப்பாக்கியில் உள்ள வரிசை எண்ணும் பழைய பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாத துப்பாக்கியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

புதிதோ பழையதோ, பில்லில் வரிசை எண், 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு உட்பட்டது என்ற மூன்றும் எழுதி வாங்குங்கள். நாளைக்கு ஒரு காவலர் கேட்டால் உங்களைக் காப்பது அந்த ஒரு வரி.

6. காற்று எங்கிருந்து வரும்?

துப்பாக்கி வாங்கி வீட்டுக்கு வந்தபின்தான் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றுகிறது. சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் இதன் பக்கத்தில்கூட வராது.

கிளப்பில் நிரப்பித் தருவார்கள் என்றால் அதுவே நல்லது. இல்லையென்றால் கைப்பம்பு. ஒரே மூச்சில் அடிக்காமல் இடையிடையே பம்பை ஆறவிட்டு அடிக்க வேண்டும், சூடானால் உள்ளே ஈரம் சேரும், ரப்பர் வளையமும் போகும். பெரிய டேங்க் வாங்கி வைப்பவர்களும் உண்டு, ஆனால் அதை மீண்டும் நிரப்ப ஆழ்கடல் நீச்சல் பயிற்சி நடக்கும் சென்னை, புதுச்சேரிப் பக்கம் தூக்கிப் போக வேண்டியிருக்கலாம். இணைக்கும் அடாப்டர் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆக்சிஜனை மட்டும் ஒருபோதும் நிரப்பாதீர்கள். வெல்டிங் கடையிலோ மருத்துவ சிலிண்டர் கடையிலோ "இதுவும் காற்றுதானே" என்று நிரப்பித் தர ஆள் இருக்கலாம். உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயைத் தொட்டாலும் வெடிக்கும். பிள்ளையின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 30 டிகிரியில் 200 பாராக இருந்தது, கார் உள்ளே 60 டிகிரி ஆனால் சுமார் 220 பார் ஆகிவிடும்.

7. குண்டு, தராசு

மாதாமாதம் கையைக் கடிப்பது இதுதான். ஒரு நாளைக்கு 80 குண்டு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மாதம் 1,600. 500 குண்டு கொண்ட டப்பா மூன்றுக்கு மேல். டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,200 ரூபாய். கடையில் சொல்லும் விலையை 500ஆல் வகுத்துப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். ஒரு வருடக் குண்டுச் செலவைக் கட்ட முடியும் என்றால் மட்டும் துப்பாக்கிக்குப் போங்கள்.

தலை தட்டையான குண்டுதான் போட்டிக்கு, காகிதத்தில் வட்டமாகத் துளை போடுவது அதுதான். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் போட்டிருக்கும். உங்கள் குழாய்க்கு எது பொருந்தும் என்பதைத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கியில் வைத்துச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சோதித்து, பொருந்துவதை மொத்தமாக வாங்குங்கள். தொடக்கத்தில் இது வேண்டாம், பயிற்சிக்கு விலை குறைந்த குண்டே போதும்.

போட்டிக் குண்டை எடை போட்டுப் பிரிக்க விரும்புபவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி. கொலுசு வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன டிஜிட்டல் தராசு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு தசம இடம் காட்டும் தராசு பயன்படாது. குண்டு 0.53 கிராம், நல்ல டப்பாவில் குண்டுக்குக் குண்டு வேறுபாடு சில மில்லிகிராம்தான். மூன்று தசமம் காட்டும் தராசு கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணாடி மூடி போட்டு எடை பாருங்கள், காற்று பட்டால் கடைசி எண் ஓடிக்கொண்டே இருக்கும். 0.530க்கு மேலே கீழே இரண்டு மில்லிகிராம் வரை ஒரு டப்பா, மற்றவை பயிற்சி டப்பா. பாவாடை, அதாவது குண்டின் பின்பக்க விளிம்பு, நசுங்கிய குண்டைத் தராசில் வைக்கும் முன்பே விலக்கிவிடுங்கள்.

குண்டு ஈயம். தொட்ட கையோடு முறுக்கு தின்னக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எதுவும்.

8. வீட்டில் பத்து மீட்டர்

சுடும் கோட்டிலிருந்து குறி அட்டையின் முகம் வரை 10 மீட்டர், அட்டையின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். வராந்தாவும் கூடமும் நேர்க்கோட்டில் இருந்தால் அநேகமாக வந்துவிடும். மொட்டை மாடி என்றால் அட்டைக்குப் பின்னால் ஆள் உயரச் சுவர் கட்டாயம். பக்கத்து வீட்டு மாடி தெரியும் திசையில் ஒருபோதும் வைக்காதீர்கள். அட்டைக்கு நேரே கதவு இருந்தால் உள்ளே தாழ் போடாமல் தொடங்கக் கூடாது.

குண்டு பிடிக்க இரும்புப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். பின் தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் குண்டு தெறிக்காமல் அடியில் விழும். நேராக நிற்கும் தகட்டில் பட்டால் துண்டு திரும்பி வரும். லேத் பட்டறைகளில் ஒரு மணி நேர வேலை. சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அட்டைக்கு மட்டும் ஒரு எல்.இ.டி. விளக்கு, கண்ணில் கூசாதபடி.

இடமே இல்லையா? வெள்ளைச் சுவரைப் பார்த்து குண்டில்லாமல் சுடும் பயிற்சிக்கு மூன்றடி போதும். நாளுக்கு அரை மணி நேரம் அதைச் செய்யும் பிள்ளை, தினமும் குண்டு செலவழிக்கும் பிள்ளையைத் தாண்டிப் போவதைக் கிளப்பிலேயே பார்க்கலாம்.

9. வைப்பதும் எடுத்துப் போவதும்

பூட்டிய பெட்டி, பூட்டிய அலமாரி, சாவி பெரியவரிடம். ஏற்காட்டில் வீடு உள்ளவர்கள் துப்பாக்கியைப் பஞ்சு வைத்த பெட்டியிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள். மூடுபனிக் காலத்தில் பஞ்சு ஈரம் குடித்து இரும்பில் துரு ஏற்றும். சுட்டு முடித்ததும் வெளியே துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பேருந்திலோ ரயிலிலோ போகும்போது துப்பாக்கி பெட்டிக்குள், குழாயில் குண்டில்லை என்று காட்டும் வண்ணக் கயிறு குழாய் முழுக்க நுழைத்தபடி. பெட்டியின் மேல் பையில் பில் நகல், அடையாள அட்டை, கிளப் கடிதம், போட்டி அறிவிப்பின் நகல். ஏற்காடு அடிவாரச் சோதனைச் சாவடியிலோ சேலம் சந்திப்பிலோ நிறுத்தினால், பெட்டியைத் திறக்கும் முன் காகிதத்தை நீட்டுங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். விமானம் என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். சிலிண்டரைக் கழற்றிக் காலி செய்து காட்டச் சொல்வார்கள். அப்படியானால் போய் இறங்கும் இடத்தில் யார் நிரப்பித் தருவார்கள் என்பதையும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.